ரைபோசோம் எங்கே நிற்கிறது?

பயிரின் உள்ளே – 12

ரிச்சர்ட்சன் நகரின் கேம்ப்பெல் சாலையில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்துக்குள் வலியை ஆராயும் மையம் ஒன்று இருக்கிறது. காயம் ஆறிய பிறகும் வலி ஏன் ஆறாமல் நீடிக்கிறது என்பதே அங்குள்ள தியோடர் பிரைஸ் குழுவினரின் கேள்வி. அவர்கள் தேடும் விடை புரத உற்பத்தியில் இருக்கிறது. வலியை உணரும் நரம்புச் செல்லின் உடல் முதுகுத்தண்டை ஒட்டி இருக்க, அதன் இழை கால் விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. விரலில் அடிபட்டதும் அங்கே தேவைப்படும் புதுப் புரதம் எல்லாம் முதுகிலிருந்து வந்து சேர வேண்டும் என்றால் நாள்கணக்காகும். அதனால் ஒரு பகுதி புரதம் இழையிலேயே, தேவைப்படும் இடத்திலேயே தயாராகிறது. புரத ஆக்கத்தைத் தொடங்கிவைக்கும் ‘இஐஎஃப்4இ’ என்ற காரணியின்மீது பாஸ்பேட் ஏறுகிற வழியை எலிகளில் அடைத்தபோது நீடித்த வலி குறைந்ததை இந்தக் குழு 2017இல் வெளியிட்டது. நரம்புச் செல்லில் புரதம் தயாராகும் இடமும் முக்கியம் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. நரம்பின் கிளைகளில் சந்திப்புகளுக்குக் கீழேயே ரைபோசோம் கூட்டங்கள் தங்கியிருப்பதை 1982இலேயே ஆஸ்வால்ட் ஸ்டீவர்ட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டிவிட்டார்.

பயிர்ச் செல்லின் நிலைமை வேறு. ஒரு நெல்மணியின் செல்லோ பட்டாணித் தண்டின் செல்லோ நரம்பிழையைப் போல நீண்டதல்ல. சுவர் சூழ்ந்த அந்தச் சிறிய அறைக்குள் செல்சாறு ஓயாமல் சுழன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே செய்தாலும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்றால், ரைபோசோம் எங்கே நின்றால் என்ன? பல பத்தாண்டுகளாகத் தாவரவியலாளர் பலரும் இப்படித்தான் எண்ணினார்கள். அந்த எண்ணம் தவறு என்பதே இந்த வாரம் நான் வைக்கும் வாதம். பயிர்ச் செல்லிலும், எந்தப் புரதம் தயாராகிறது என்பதற்கு இணையான செய்தி அது எங்கே தயாராகிறது என்பது. அந்த இடத்தைப் பிடித்துக்கொடுப்பதில் செல் சட்டகத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

சென்ற வாரங்களில் ரைபோசோமைத் தனியாகப் பார்த்தோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது, அதன் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக. அந்த மாபெரும் பணிக்கு ரைபோசோமைச் செல்லிலிருந்து பிரித்து, தூய்மையாக்கி, படிகமாக்க வேண்டியிருந்தது. பிரித்தெடுத்த பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தப் படிகம் சொல்லும். செல்லுக்குள் அது எதைப் பற்றிக்கொண்டு நின்றது என்பதைச் சொல்லாது. செல்லுக்குள் மெல்லிய இழைகளாலான ஒரு சட்டகம் இருக்கிறது. ஆக்டின் இழைகள் ஏறக்குறைய 7 நானோமீட்டர் தடிமன் உள்ளவை. நுண்குழல்கள் 25 நானோமீட்டர் தடிமன் உள்ளவை. ரைபோசோமும் கிட்டத்தட்ட நுண்குழல் அளவுதான். ஒரே தூது ஆர்.என்.ஏ.வின்மீது பல ரைபோசோம்கள் வரிசையாக ஏறி வேலை செய்யும்போது அந்த வரிசையைப் பாலிசோம் என்கிறோம். பாடநூல்கள் பாலிசோம்களை இரண்டு வகையாகப் பிரிக்கும். ஒன்று எண்டோபிளாச வலையில் ஒட்டியிருப்பது, மற்றது செல்சாற்றில் தனித்து மிதப்பது. இந்த ‘தனித்து மிதப்பது’ என்பதுதான் சிக்கல்.

அந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டாணிச் செடியை ஆராய்ந்த எரிக் டேவிஸ், தம் மாணவர் பிரையன் லார்கின்ஸ் முதலானோருடன் 1972இல் பாலிசோம்களைப் பிரித்தெடுக்கும் மேம்பட்ட முறையொன்றை வெளியிட்டார். காரத்தன்மையும் அயனிச் செறிவும் கூடிய கரைசலில் திசுவை அரைப்பது அந்த முறை. ஆர்.என்.ஏ.வை அறுக்கும் நொதிகள் அதில் செயலிழந்துவிடுவதால் பாலிசோம்கள் உடையாமல் கிடைத்தன. உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் அதே கரைசல் செல் சட்டகத்தையும் கரைத்துவிடுகிறது. வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெட்டவெளியில் வாழ்ந்தார்கள் என்று எழுதுவதற்கு ஒப்பானது அது. டேவிஸ் பின்னர் தம் குழுவினருடன் வழியை மாற்றினார். உப்பு குறைந்த, கால்சியத்தை அகற்றிய, சட்டகத்தைக் காக்கும் கரைசலில் பட்டாணியை அரைத்தார். ‘தாவரங்களில் சட்டகத்தோடு இணைந்த பாலிசோம்கள் இருப்பதற்கான சான்று’ என்ற கருத்தை 1991இல் முன்வைத்தார். சவ்வுகளைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருளைச் சேர்த்த பிறகும் கணிசமான பாலிசோம்கள் இழைகளோடு சேர்ந்தே அடியில் படிந்தன. விலங்குச் செல்களைப் பொறுத்தவரை, ஷெல்டன் பென்மன் குழுவினர் ஹீலா செல்களில் இதே போன்ற ஒன்றை 1977இலேயே கண்டிருந்தார்கள். தாவரங்களுக்கு அந்தக் கேள்வி வந்துசேரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இதற்கு எழுந்த முதல் மறுப்பு நியாயமானது. ரைபோசோம் ஒட்டும் தன்மை மிக்கது. உப்பு குறைந்த கரைசலில் எதிரெதிர் மின்னேற்றம் உள்ளவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழைகளின் சிக்கலில் ரைபோசோம்கள் அகப்பட்டு, சுழற்சியில் சேர்ந்தே கீழே இறங்கியிருக்கலாம். அரைத்த பிறகு உண்டான ஒட்டலை, அரைக்கும் முன்பே இருந்த உறவு என்று எப்படி நம்புவது? படிவை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ஒட்டவைக்கும் மூலக்கூறு எது, அதை மாற்றினால் என்ன ஆகிறது என்ற பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சான்று எதிர்பாராதது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜான் காண்டீலிஸ் குழுவினர், மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவில் ஆக்டினைப் பற்றும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்தார்கள். அது என்ன என்று ஆராய்ந்தபோது, புரத ஆக்கத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக ரைபோசோமுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் நீட்சிக் காரணி ‘1ஏ’ என்று தெரிந்தது. 1990இல் நேச்சர் இதழில் அது வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்து, கேரட் செல்களில் அதே காரணி நுண்குழல்களைப் பற்றுவதையும், கால்சியம் உணரும் கால்மோடுலின் வந்தால் அந்தப் பற்று தளர்வதையும் பென்சில்வேனியாவில் ரிச்சர்ட் சைர் ஆய்வகத்தார் கண்டார்கள். செல்லில் மிக ஏராளமாக இருக்கும் புரதங்களில் ஒன்று இந்த நீட்சிக் காரணி. அது நேர்மின்னேற்றம் உடையது, ஆக்டின் எதிர்மின்னேற்றம் உடையது; எனவே இதுவும் வெறும் ஒட்டல்தான் என்று மறுப்பாளர் சொல்லலாம், சொன்னார்கள். இந்த வாதத்தை எனக்குத் தெரிந்தவரை மிக நன்றாக எதிர்கொண்டது நியூ ஜெர்சியின் பிஸ்காட்டவேயில் டெர்ரி காஸ் கின்சி ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்லில் நடந்த ஆய்வு. நீட்சிக் காரணியின் மரபணுவில் அவர்கள் மாற்றங்களைச் செய்து, ஆக்டினைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் திறன் குறைந்த, ஆனால் புரத ஆக்கத்தில் குறைவற்ற வடிவங்களை 2005இல் கண்டெடுத்தார்கள். அந்தச் செல்களில் ஆக்டின் அமைப்பும் செல்லின் வடிவமும் குலைந்தன. ஒரே மூலக்கூறின் இரு வேலைகளை மரபியல் முறையில் பிரித்துக் காட்ட முடிந்தது. உயிருள்ள செல்லில் அதன் விளைவும் தெரிந்தது. உப்புக் கரைசலின் தற்செயலுக்கு இப்படி ஒரு விளைவு இராது.

டெக்சஸ் வாசகர்கள் அறியவேண்டிய ஒன்று, தாவரங்களில் இந்தக் கதையின் ஒரு முக்கியமான பகுதி நம் மாநிலத்திலேயே, ஆஸ்டினில் நடந்தது என்பது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் பிரவுனிங், கோதுமை முளையிலிருந்து புரத ஆக்கத் தொடக்கக் காரணிகளைத் தூய்மையாக்குவதில் வாழ்நாள் உழைப்பைச் செலுத்தியவர். ரிச்சர்ட்சனில் வலியோடு தொடர்புபடுத்திப் பார்த்தோமே, அந்த இஐஎஃப்4இ குடும்பத்தைச் சேர்ந்த, தூது ஆர்.என்.ஏ.வின் முனையைப் பற்றும் புரதம் கோதுமையில் இரண்டு கூட்டமைப்புகளில் இருப்பதை 1987இல் அவர் காட்டினார். அவற்றுள் ‘ஐசோ4எஃப்’ எனப்படுவது தாவரங்களுக்கே உரியது. அதே பல்கலைக்கழகத்தின் லூயி மோர்ஜோன் குழுவினரும் பிரவுனிங்கும் சேர்ந்து 1995இல், அந்தத் தாவரக் கூட்டமைப்பின் ‘பி86’ என்ற பெரிய அலகு நுண்குழல்களைப் பற்றுகிறது என்று வெளியிட்டார்கள். அது நுண்குழல்களைக் கட்டுகளாகச் சேர்க்கிறது. உடைந்த நுண்குழல் துண்டுகளை முனையோடு முனை இணைக்கவும் செய்கிறது. இந்தச் சான்றுக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். சோதனைக்குழாயில் அது உறுதியானது. ஆனால் 2010இல் பிரவுனிங் ஆய்வகமே அரபிடாப்சிஸ் செடியில் இந்த அலகை நீக்கிப் பார்த்தபோது செடி குன்றி, வளம் குறைந்து வளர்ந்தது. அந்தக் குறை புரத ஆக்கத்தால் வந்ததா, நுண்குழலால் வந்ததா என்பதை அந்தச் சோதனை பிரித்துக்காட்டவில்லை. ஈஸ்டில் நடந்தது போன்ற இரு வேலைகளையும் பிரிக்கும் சோதனை கோதுமைக்கும் தேவை.

கோதுமை முளை என்றதும் இரண்டாவது மறுப்பு தானே வந்துவிடுகிறது. இதுவே எல்லாவற்றிலும் வலுவானது. கோதுமை முளையை அரைத்து, சுழற்றி, தெளிந்த சாற்றை எடுத்து, அதில் எந்தத் தூது ஆர்.என்.ஏ.வைப் போட்டாலும் புரதம் தயாராகிறது. 1970களிலிருந்து உலகின் ஆய்வகங்கள் அதைச் செய்துவருகின்றன. சட்டகம் இல்லாமலேயே வேலை நடக்கிறதே, பிறகு சட்டகம் எதற்கு? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, வேகம் பற்றியது. மயாமி பல்கலைக்கழகத்தின் மரே டாய்ச்சர் குழுவினர் விலங்குச் செல்களை அரைக்காமல், வெளிச் சவ்வில் மட்டும் துளையிட்டு ஆராய்ந்தார்கள். அந்தச் செல்கள் முழுச் செல்லுக்கு நெருக்கமான வேகத்தில் புரதம் செய்தன. ஆக்டின் இழைகளைக் குலைத்ததும் உற்பத்தி சரிந்தது. இரண்டாவது விடை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தெளிந்த சாற்றில் ‘இடம்’ என்பதே இல்லை. எங்கே தயாராக வேண்டும் என்ற கேள்வியைக் கேட்கவே முடியாத ஓர் அமைப்பு, அந்தக் கேள்வி தேவையற்றது என்பதற்குச் சான்றாகாது. ஆகவே இடம் இருக்கிற செல்லுக்கு, நாம் நாள்தோறும் உண்ணும் அரிசியின் செல்லுக்குப் போவோம்.

அரிசியின் புரதத்தில் பெரும்பகுதி குளூட்டலின், சிறுபகுதி புரோலமின். இரண்டும் ஒரே செல்லில், ஒரே காலத்தில், எண்டோபிளாச வலையின்மீது நிற்கும் ரைபோசோம்களில்தான் தயாராகின்றன. ஆனால் அவை போய்ச்சேரும் இடங்கள் வேறு. புரோலமின் எண்டோபிளாச வலைக்குள்ளேயே உருண்டையாகத் திரண்டு தங்கிவிடுகிறது. குளூட்டலின் அங்கிருந்து கிளம்பி, கோல்கி வழியாகச் சேமிப்பு வாக்குவோலுக்குப் போகிறது. இந்தப் பிரிவு புரதம் தயாரான பிறகு நடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஒக்கிட்டா குழுவினர் 1993இல் செல் இதழில் வெளியிட்ட கட்டுரை, பிரிவு அதற்கும் முன்பே, தூது ஆர்.என்.ஏ. நிலையிலேயே நடந்துவிடுகிறது என்று காட்டியது. புரோலமினின் ஆர்.என்.ஏ. புரத உருண்டைகளைச் சூழ்ந்த வலைப்பகுதியிலும், குளூட்டலினுடையது தட்டையான வலைப்பகுதியிலும் செறிந்திருந்தன. அடுத்துவந்த ஆய்வுகளில், சவ்வைச் சோப்பால் கரைத்த பிறகும் புரோலமின் ஆர்.என்.ஏ.வின் கணிசமான பகுதி உருண்டையை விட்டுப் போகாமல் நின்றது. அதைப் பிடித்துவைத்திருந்தது சவ்வு அல்ல, சட்டகத்தோடு சேர்ந்த ஒன்று என்பது 1998இல் அவர்கள் எடுத்த முடிவு. 2003இல், உயிருள்ள நெல் செல்லுக்குள் இந்த ஆர்.என்.ஏ.வுக்கு ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து அதன் பயணத்தையே படம்பிடித்தார்கள். சிறு துகள்களாக, நின்று நின்று, வினாடிக்கு 0.3 முதல் 0.4 மைக்ரோமீட்டர் வேகத்தில் அவை போயின. ஆக்டினைக் குலைக்கும் மருந்து கொடுத்ததும் பயணம் தடைப்பட்டது.

ஆக்டினைக் குலைத்தால் செல்சாற்றின் ஓட்டமே நின்றுபோகும், எண்டோபிளாச வலையும் நகராது, ஆகவே ஆர்.என்.ஏ. நின்றது என்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். சரியான கேள்வி. மருந்துச் சோதனை ஒன்றே சான்றாக இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் நெல் செல்லின் எண்டோபிளாச வலை உருண்டைப் பகுதியும் தட்டைப் பகுதியும் ஒன்றோடொன்று தொடர்ந்த ஒரே வலை. வலையோடு சேர்ந்து சும்மா இழுபட்டுப் போவதானால் இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் கலந்தே இருக்க வேண்டும், அவை கலப்பதில்லை. புரோலமின் ஆர்.என்.ஏ.விலேயே அது போகவேண்டிய இடத்தைக் குறிக்கும் வரிசைத் துண்டுகள் இரண்டு இருக்கின்றன. அதே குழு 2012இல் ஒரு துணிச்சலான மாற்றத்தைச் செய்தது. வாக்குவோலுக்குப் போகவேண்டிய குளோபுலின் என்ற புரதத்தின் ஆர்.என்.ஏ.வில் அந்த இடக்குறியை ஒட்டி, உருண்டைப் பகுதிக்குத் திருப்பிவிட்டார்கள். புரதத்தின் அமினோ அமில வரிசை மாறவில்லை. இருந்தும் அது வாக்குவோலுக்குச் சரிவரப் போய்ச்சேரவில்லை. புரதத்தின் வரிசையில் எழுதாத ஒரு கட்டளை, அது தயாரான இடத்தில் எழுதப்பட்டிருந்தது. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்றை நான் கண்டதில்லை.

இதன் விளைவு நம் வயிறு வரைக்கும் வருகிறது. புரோலமின் உருண்டைகள் இறுகியவை. மனிதக் குடல் அவற்றை எளிதில் செரிப்பதில்லை. குளூட்டலின் நன்றாகச் செரிக்கும். புரதத்தைக் குறைத்து உண்ணவேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்காக ஜப்பானில் குளூட்டலின் குறைந்த, புரோலமின் கூடிய எல்ஜிசி-1 என்ற நெல் வகையையே உருவாக்கியிருக்கிறார்கள். மொத்தப் புரதத்தின் அளவு பெரிதும் மாறாவிட்டாலும், உடலில் சேரும் புரதம் குறைகிறது. புரதம் எந்த அறையில் அடைபட்டது என்பது இவ்வளவு தூரம் பேசும்.

மக்காச்சோளத்தின் கதை இன்னும் பழையது, இந்தியாவையும் தொட்டுச்செல்வது. மக்காச்சோளப் புரதத்தில் பெரும்பகுதியான ‘சீன்’ என்ற புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இல்லை என்றே சொல்லலாம். 1964இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ் முதலானோர், ‘ஒப்பேக்-2’ என்ற பிறழ்வு உள்ள மணிகளில் லைசின் ஏறக்குறைய இரு மடங்காக இருப்பதைக் கண்டார்கள். இந்தியா 1971இல் சக்தி, ரத்தன், புரோட்டினா என்று மூன்று ஒப்பேக்-2 ரகங்களை வெளியிட்டது. மணி மென்மையாக இருந்ததாலும் விளைச்சல் குறைந்ததாலும் அவை பரவவில்லை. அந்தக் குறையை மெக்சிகோவின் சிம்மிட் நிறுவனத்தில் சுரிந்தர் வாசலும் எவஞ்சலினா வில்லேகாசும் பொறுமையாகச் சரிசெய்து, 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார்கள். இதில் சட்டகம் எங்கே வருகிறது? பட்டாணியில் டேவிசின் மாணவராக இருந்த அதே லார்கின்ஸ், அரிசோனாவில் மக்காச்சோளத்தை ஆராய்ந்தபோது, மணியிலுள்ள லைசின் அளவும் நீட்சிக் காரணி 1ஏயின் அளவும் நெருக்கமாகச் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995இல் கண்டார். இந்தக் காரணியில் லைசின் அதிகம்தான். ஆனால் மணியின் மொத்த லைசினில் அது நேரடியாகத் தருவது சிறு பங்கே. பிறகு ஏன் இந்தப் பொருத்தம்? 1996இல் அவரது குழு, நீட்சிக் காரணியும் ஆக்டினும் புரத உருண்டைகளைச் சுற்றி வலைபோல் பின்னியிருப்பதைப் படம்பிடித்தது. 2004இல், நீட்சிக் காரணி கூடிய வகைகளில் சட்டகப் புரதங்களும் சேர்ந்தே கூடுகின்றன என்று கண்டது. சீன் குறைந்த மணியில் கூடியிருந்தவற்றுள், லைசின் உள்ள சட்டகப் புரதங்களும் அவற்றோடு இணைந்த உற்பத்திக் கருவிகளும் அடங்கும். பொருத்தம் என்பது காரணம் ஆகிவிடாது என்பது உண்மையே. ஆனாலும் உற்பத்திக் கருவியும் சட்டகமும் ஒன்றாகவே அளவு மாறுகின்றன என்பது, அவை ஒரே அமைப்பின் பகுதிகள் என்ற கருத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது. தனித்து மிதக்கும் ரைபோசோம் என்ற படத்தில் இதற்கு விளக்கமே இல்லை.

பட்டாணியின் படிவு ஐயத்துக்கு இடம் தருகிறது. கோதுமையின் சான்று பாதி வழியில் நிற்கிறது. ஈஸ்டும் நெல்லும் அப்படி இல்லை. எல்லா ரைபோசோமும் எப்போதும் இழையைப் பற்றியே நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. பற்றுவதும் விடுவதும் கால்சியத்தையும் அமிலநிலையையும் பொறுத்து மாறக்கூடியவை. அந்த மாற்றமே செல்லுக்கு ஒரு கட்டுப்பாட்டு வழி. நான் மறுப்பது, பிடிமானம் அற்ற ரைபோசோம்தான் இயல்பு நிலை என்ற பழைய அனுமானத்தை மட்டுமே.

ஆகவே உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம், டெக்சஸிலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் செல்லை வரையும்போது எண்டோபிளாச வலைமேல் சில புள்ளிகளையும் வெற்றிடத்தில் சில புள்ளிகளையும் வைத்து நிறுத்தாதீர்கள். சட்டக இழைகளையும் வரைந்து, சில புள்ளிகளை அவற்றின்மீதும் வையுங்கள். நெல்மணியில் இரண்டு புரதங்கள் ஏன் இரண்டு அறைகளுக்குப் போகின்றன என்று மாணவர்களைக் கேளுங்கள்.